சிங்கப்பூர் என்று சொன்னதும்

சிங்கப்பூரில் எங்கள் நிறுவனம் கப்பல் சரக்கு அனுப்பும் தொழிலில் இருக்கிறது. ஆண்டுதோறும் வேலைப்பயிற்சிக்கு மாணவர்களை எடுப்பார்கள். வருகிற விண்ணப்பங்களைப் படித்துப் பிரிக்கும் வேலை கொஞ்ச காலமாக என் தலையில் விழுந்திருக்கிறது. ஏற்கெனவே வெளிநாட்டில் ஓர் இன்டர்ன்ஷிப் முடித்தவர்களின் கடிதங்களைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடலாம். தன்னம்பிக்கை வந்தது, தனியாக வாழக் கற்றுக்கொண்டேன், பல இனத்தவரோடு பழகினேன், என்னை நானே கண்டுகொண்டேன். ஹனோயிலிருந்து வந்தவரும் மியூனிக்கிலிருந்து வந்தவரும் எழுதுவது அதையேதான். இருபது வயதில் தன்னைத்தானே கண்டுகொள்வது அவ்வளவு சுலபமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. 2016இல் வியட்நாமில் பயிற்சி முடித்துத் திரும்பியபோது நானும் இப்படித்தான் அறிக்கை எழுதிக் கொடுத்தேன். நல்ல மதிப்பெண்ணும் வந்தது.

எழுதியது எதுவும் பொய்யில்லை. வீட்டில் தட்டைக்கூட எடுத்து வைக்காதவள் அங்கே போய்த் துணி துவைத்தேன், முட்டை பொரித்தேன், வெள்ளமாக வரும் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே ஓடாமல், நிற்காமல், ஒரே வேகத்தில் சாலையைக் கடக்கக் கற்றுக்கொண்டேன். எல்லாம் நடந்ததுதான். ஆனால் அந்த ஊரில் எனக்கு நடந்ததில் முக்கியமான ஒன்று அறிக்கையில் ஒரு வரியாகக்கூட இல்லை. அதை எழுத அப்போது எனக்குத் தெரியவும் இல்லை, படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை. கல்வி அமைச்சு இப்போது உயர்கல்வி மாணவர்களில் 70 விழுக்காட்டினராவது வெளிநாட்டு அனுபவம் பெற வேண்டும், அவர்களிலும் 70 விழுக்காட்டினர் ஆசியான் நாடுகளையோ சீனாவையோ இந்தியாவையோ பார்த்திருக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. நல்ல இலக்குதான். எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணிவிடலாம். போனவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் இந்த மாதிரிக் கடிதங்கள்தான் வருகின்றன. அதனால்தான் இவ்வளவு தாமதமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாலியா?

நான் டி-ஸ்கோர் காலத்துப் பிள்ளை. பன்னிரண்டு வயதில் ஓர் எண் வரும். அதை வைத்து எந்த உயர்நிலைப்பள்ளி, எந்தப் பிரிவு என்று முடிவாகும். 2021இல் அந்த எண்ணை எடுத்துவிட்டு வேறு அளவுகோல் கொண்டுவந்தார்கள். எக்ஸ்பிரஸ், நார்மல் என்று பிரிப்பதும் 2024இல் உயர்நிலை ஒன்றுக்குப் போனவர்களிலிருந்து இல்லாமல் போனது. ஆனால் சொந்தக்காரர்களின் வாயிலிருந்து அதை யாரும் எடுக்கவில்லை. பெருமாள் கோயில் மண்டபத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், சாம்பார் வாளி பக்கத்து இலைக்கு வந்து சேர்வதற்குள் என் அத்தை கேட்டார்: "பாலியா? ஏம்மா, ஜேசிக்குப் பாயிண்ட் வரலையா?" பாலி என்றால் பலதுறைத் தொழிற்கல்லூரி, ஜேசி என்றால் பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்யும் தொடக்கக் கல்லூரி. நான் விரும்பித்தான் பாலிக்குப் போனேன். தாத்தா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1972இல் அங்கே முதல் கொள்கலன் கப்பல் வந்து நின்ற கதையை, பாரந்தூக்கி ஒவ்வொரு பெட்டியாக இறக்கியதைக் கூலிக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்த கதையை, அவர் சொல்லிச் சொல்லியே எனக்கு இந்தத் துறையில் ஆசை வந்தது. இதையெல்லாம் பந்தியில் சொல்ல முடியுமா? "ஆமாம் அத்தை, வரலை" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினேன்.

இதை இங்கே வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எந்தப் பள்ளி என்று கேட்பார்கள். சொன்னதும் எதிரே இருப்பவர் மனத்தில் உங்களுக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டுவிடும். பாலி மூன்றாம் ஆண்டில் வெளிநாட்டுப் பயிற்சிக்கு இடம் இருக்கிறது என்றதும் நான் முந்திக்கொண்டு பெயர் கொடுத்ததற்கு அதுதான் காரணம். எங்கே போனாலும் சரி, 'பாலி' என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாத ஊராக இருந்தால் போதும். அம்மாவுக்குப் பயம். அப்பா வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "விமானத்துல ரெண்டு மணி நேரம்தான், அம்மா வீட்டுக்கு மலாக்கா போற நேரத்துல போயிடலாம்" என்று சமாதானம் சொன்னார். அம்மா ரசப்பொடி அரைத்து மூன்று உறையில் போட்டுக் கட்டினார். உலகத்திலேயே அதிகமாக மிளகு ஏற்றுமதி செய்கிற நாட்டுக்கு நான் மிளகுப்பொடி கொண்டுபோகிறேன் என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

எடை

வேலைக்குப் போன இடம் சைகோனில் ஒரு சரக்கு முகவர் நிறுவனம். நகரத்தின் பெயர் ஹோ சி மின் என்றாலும் அங்கே எல்லோரும் சைகோன் என்றே சொன்னார்கள். எனக்கும் அதுவே பழகிவிட்டது. நடு நகரத்தில் மெட்ரோ வேலைக்காக லே லோய் சாலையை மறைத்துத் தகரம் அடித்திருந்த காலம் அது. அந்த மெட்ரோவின் முதல் தடம் 2024 டிசம்பரில்தான் ஓடத் தொடங்கியது. எங்கள் அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. முதல் நாள் மதியம் சாப்பிட்டு வந்து பார்த்தால் விளக்கெல்லாம் அணைந்திருக்கிறது. மின்தடை என்று நினைத்துக்கொண்டு என் நாற்காலிக்குப் போனேன். பாதையில் ஒரு கால். கணக்குப் பிரிவு முழுவதும் மேசைக்கடியிலிருந்து மடக்குக் கட்டிலை இழுத்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. சுங்கத்தீர்வைப் படிவங்களைத் தலைக்கு வைத்துக்கொண்டு மேலாளர். ஒரு மணி ஆனதும் விளக்கு எரிந்தது. எழுந்து முகம் கழுவிவிட்டு ஒன்றுமே நடக்காதது மாதிரி தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்கள். சிங்கப்பூரில் இதைச் செய்தால் மனிதவளத்துறையிலிருந்து மின்னஞ்சல் வரும். நான் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டேன் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

சாப்பாட்டுக்கும் அம்மா பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சைவம். அங்கே பௌர்ணமிக்கும் அமாவாசைக்கு மறுநாளுக்கும் பலர் சைவம் சாப்பிடுகிறார்கள். 'சாய்' என்று பலகை மாட்டிய கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. என்னைப் பார்த்து அந்தக் கடைக்காரப் பாட்டி சிரிக்கும். மற்ற இடங்களில் சிரிப்பைவிட முறைப்புதான் அதிகம். வெயில் படாமல் கை, கழுத்து, முகமெல்லாம் மூடிக்கொண்டு வண்டி ஓட்டுகிற பெண்கள் சமிக்ஞையில் நிற்கும்போது என் கறுத்த கைகளை உற்றுப் பார்ப்பார்கள். பகையாக இல்லை, வியப்பாக. வீடு பார்க்கப் போன இடத்தில் ஒருத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு அறை காலியில்லை என்றாள். நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் பேசி 'சிங்கப்பூர் மாணவி' என்றதும் அதே அறை மறுநாள் காலியாகியிருந்தது. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அறை கிடைத்ததே பெரிய விஷயம்.

அலுவலகத்தில் யார் என்னைப் பார்த்தாலும் முதலில் வயதைக் கேட்டார்கள். மூத்தவரா இளையவரா என்று தெரியாமல் அங்கே ஒருவரை ஒருவர் கூப்பிடவே முடியாது. அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்று நம் வீட்டு முறைதான். என் பக்கத்து மேசைக்காரர் என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்று தெரிந்ததும் அவர் அக்கா, நான் தங்கை. இங்கேயும் அவரை அக்கா என்றே எழுதுகிறேன். மெக்கோங் வடிநிலத்தில் ஒரு சிற்றூரிலிருந்து வந்தவர். ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும், ஆனால் எண்களில் தடுமாறி நான் பார்த்ததில்லை. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர்தான். மேலாளர் கையெழுத்து மட்டும் போட்டார்.

அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி உலகம் முழுவதும் ஒரு விதி அமலுக்கு வந்திருந்தது. சரக்கு ஏற்றி மூடிய கொள்கலனின் மொத்த எடையைச் சரிபார்த்து எழுதிக் கொடுத்தால்தான் அது கப்பலில் ஏறும். சோலாஸ் என்கிற கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் செய்த திருத்தம். தொழிலில் விஜிஎம் என்போம். அதுவரை ஏற்றுமதியாளர் தாளில் என்ன எழுதினாரோ அதுதான் எடை. 2007 ஜனவரியில் எம்எஸ்சி நாப்போலி என்ற கப்பல் ஆங்கிலக் கால்வாயில் விரிசல் விட்டு, இங்கிலாந்தின் தென்கரையில் தரைதட்ட வைக்கப்பட்டது. மேல்தளத்தில் நனையாமல் இருந்த பெட்டிகளை எடுத்து நிறுத்துப் பார்த்தபோது, ஐந்தில் ஒன்று, சொன்ன எடைக்கும் உண்மையான எடைக்கும் மூன்று டன்னுக்கு மேல் வித்தியாசம். இப்படி ஏமாற்றிய எடைகளை நம்பித்தான் கப்பலில் எதை எங்கே அடுக்குவது என்று திட்டம் போட்டிருக்கிறார்கள்.

எடை பார்க்க விதியில் இரண்டு வழி உண்டு. பெட்டியை மூடி, லாரியோடு எடைமேடையில் ஏற்றிப் பார்க்கலாம். இல்லையென்றால் உள்ளே போகும் ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்துக் கூட்டி, காலிப் பெட்டியின் எடையைச் சேர்த்துக்கொள்ளலாம். அது பெட்டியின் கதவிலேயே எழுதியிருக்கும், இருபதடிப் பெட்டிக்குச் சுமார் 2,200 கிலோ. அக்கா இரண்டாவது வழிக்கு ஓர் எக்செல் அட்டவணை செய்திருந்தார். மூட்டையின் எடை எல்லோரும் போடுவார்கள். மிளகு ஏற்றும்போது பெட்டிக்குள்ளே வியர்த்துத் தண்ணீர் சொட்டாமலிருக்கச் சுவரில் ஒட்டும் தாள், மேலே தொங்கவிடும் ஈரமுறிஞ்சிப் பைகள், மூட்டைகளுக்கு அடியில் போடும் பலகை, சரியாமல் முட்டுக்கொடுக்கும் கட்டை, கட்டும் பட்டை, இவற்றுக்கும் அவர் தனித்தனி வரிசை போட்டிருந்தார். பலகையை மழைக்காலத்தில் ஒரு முறை, வெயிலில் ஒரு முறை நிறுத்து, இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்றுகூடக் குறித்திருந்தார். யாரும் கேட்காத வேலை. நான் பாலியில் இரண்டாண்டு படித்ததைவிட அந்த அட்டவணையைப் பார்த்துக் கற்றது அதிகம்.

மிளகுத் தட்டு

ஒரு மிளகு ஏற்றுமதியாளர் பிடிவாதமாக இருந்தார். எடைச் சான்றில் சரக்கு அனுப்புகிறவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அவரோ, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், நாளைக்குத் தப்பு வந்தால் நான் மாட்ட மாட்டேன் என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தார். நகரத்துக்கு வடக்கே அவருடைய கிடங்குக்கே போய்ப் பேசுவது என்று முடிவாயிற்று. மேலாளர், அக்கா, நான். என்னை எதற்குக் கூட்டிப்போகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பெட்டி தூக்கவாவது ஆகட்டும் என்று மடிக்கணினிப் பையை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

கிடங்கை ஒட்டிய சின்ன அறை. ஐஸ் போட்ட தேநீர். மேசையில் எவர்சில்வர் தட்டுகளில் ரகவாரியாக மிளகு கொட்டி வைத்திருந்தது; அறைக்குள் போனதுமே எனக்கு எங்கள் வீட்டுச் சமையலறை ஞாபகம் வந்து தும்மல் பிடித்துக்கொண்டது. அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அக்கா அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு வியட்நாமியத்தில் விளக்க ஆரம்பித்தார். அவர் ஒரு தட்டிலிருந்து மிளகை எடுத்து விரலிடுக்கில் உருட்டுவார், மோந்து பார்ப்பார், தொலைபேசியைப் பார்ப்பார். அக்கா பக்கம் மட்டும் பார்க்கவே இல்லை. அப்புறம் என்னைப் பார்த்தார். மேலாளரிடம் ஏதோ கேட்டார். அந்தக் கேள்வியில் எனக்குப் புரிந்தது ஒரே சொல், 'அன் தோ'. இந்தியா. கேட்ட விதத்தில் எனக்கும் அந்த மிளகுத் தட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, நல்ல ரகமா என்று விசாரிக்கிறார். மேலாளர் தலையை ஆட்டி, "சிங்கப்பூர்" என்றார்.

பிறகு நடந்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஒருமுறையும் சரியாகச் சொல்ல வந்ததில்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். சட்டைப்பையிலிருந்து பெயரட்டையை எடுத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். பத்தொன்பது வயதுப் பெண்ணிடம், பயிற்சிக்கு வந்தவளிடம், பெயரட்டையே இல்லாதவளிடம். ஆங்கிலத்துக்கு மாறி, "சிங்கப்பூரில் நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டார். அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அங்கேயும் அனுப்புகிறவர்தான் கையெழுத்துப் போட வேண்டும், எடைச் சான்று இல்லாத பெட்டியைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள் என்றேன். இரண்டே வாக்கியம். அந்த இரண்டும் முந்தைய வாரம் அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்தவை. அக்கா அதுவரை சிங்கப்பூருக்கு வந்ததே இல்லை. அந்த மனிதர் 'ஓகே, ஓகே' என்று தலையாட்டி, பேனாவைத் திறந்து, அக்கா நீட்டிய தாள்களில் கையெழுத்துப் போட்டார். அப்போதும் அக்காவைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு உள்ளே கொதித்தது. அவ்வளவு உழைத்தவர் அவர், மரியாதை எனக்கா? மதியம் அக்கா என்னைத் தெருவோரக் கடைக்கு நொய்யரிசிச் சோறு சாப்பிடக் கூட்டிப்போனார். தாழ்வான பிளாஸ்டிக் முக்காலி, தட்டில் சோறும் சுட்ட மீனும். உங்களுக்குக் கோபமே வரவில்லையா என்று கேட்டேன். அவருக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டார்.

"உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னதே நான்தான். மேலாளர் வேண்டாம்னார். நான் சொன்னா, கம்பெனிக்கு வசதியா ஏதோ சொல்றேன்னு அந்த ஆளு நினைப்பார். சிங்கப்பூர்ல இப்படித்தான்னு நீ சொன்னா வேற வழியில்லைன்னு ஒத்துக்குவார். எனக்குக் கையெழுத்து வேணும். வந்துடுச்சு. நீ மீனைச் சாப்பிடு."

இவருக்காக நான் காலையிலிருந்து வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறேன்! அவரோ அந்த மனிதரை, மேலாளரை, என்னை, என் கடவுச்சீட்டை எல்லாம் முன்கூட்டியே நிறுத்துப் பார்த்துத் தன் அட்டவணையில் ஒரு வரிசையாகச் சேர்த்திருக்கிறார், ஈரமுறிஞ்சிப் பைக்கு அடுத்த வரிசையாக இருக்கலாம். என் முகம் கொஞ்சம் தடங்கல் செய்யும் என்றும் அவர் எதிர்பார்த்திருந்தார். "அதான் மேலாளர்கிட்ட, கேட்டா உடனே சிங்கப்பூர்னு சொல்லிடுங்கன்னு சொல்லி வச்சேன்" என்றார், முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்துக்கொண்டே. என் மனம் புண்படுமோ என்கிற யோசனையெல்லாம் அவரிடம் இல்லை. வெயிலுக்குக் குடை எடுத்து வந்தேன் என்பதைப் போலச் சொன்னார்.

அதற்கு அடுத்த பௌர்ணமிக்கு என்னைக் கோயிலுக்கும் கூட்டிப்போனார். பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. செட்டியார்கள் அங்கே வட்டித்தொழில் செய்த காலத்தில் தமிழர்கள் எழுப்பியது. இப்போது கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்களும் சீனர்களும்தான். நான் சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். அக்கா விடவில்லை. கருவறைக்குப் பின்பக்கச் சுவரில் நெற்றியை வைத்து வேண்டிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் பலிக்கும் என்று எனக்கு, சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மனுக்குத் தீமிதிப்பவர்கள் இருக்கிற குடும்பத்துப் பெண்ணுக்கு, சொல்லிக்கொடுத்தார். அந்த ஊரில் இந்திய முகத்துக்கு இவ்வளவு மரியாதை கிடைத்த ஒரே இடம் அந்தக் கருவறைதான் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று வெளியே வந்து கேட்டதற்கு, "என் பேர்ல ஒரு கம்பெனி" என்றார்.

இங்கே பிறந்தவள்

நான் சிங்கப்பூரில் வளர்ந்த விதத்தில் ஓர் அறைக்குள் போனால் அங்கே எனக்கு எவ்வளவு இடம் என்று முதலில் பார்த்துக்கொள்கிற பழக்கம் உண்டு. மக்கள்தொகையில் இந்தியர் சுமார் 9 விழுக்காடு. வகுப்பில், குழுவில், அலுவலகக் கூட்டத்தில் பெரும்பாலும் நான் ஒருத்திதான் இருப்பேன். வாடகை வீட்டு விளம்பரங்களில் 'இந்தியர் வேண்டாம்' என்று போடுவதைப் பார்த்திருக்கிறோம். இதையெல்லாம் தாங்கிக்கொள்ளவும் எங்களுக்கு ஒரு வழி தெரியும். டாக்சிக்காரர் "இந்தியாவிலேருந்து வந்தியா?" என்று கேட்டால், "இல்லை, இங்கேயே பிறந்தவள்" என்போம். சொல்கிற குரலில் ஒரு கூர்மை இருக்கும். நீங்கள் நினைக்கிற இந்தியர் நான் இல்லை, அது வேறு ஆள் என்று அர்த்தம். அந்த வேறு ஆள் யார்? ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் புல்தரையில் உட்கார்ந்து ஊருக்குப் பேசிக்கொண்டிருக்கும் கட்டுமானத் தொழிலாளி. சாங்கி வணிகப் பூங்காவில் வேலைக்கு வந்த மென்பொருள்காரர். என் சொந்த மாமா மகன், போன வருஷம் திருச்சியிலிருந்து வந்தவன்.

அந்தக் கிடங்கு அறையில் மேலாளர் சொன்ன ஒரு சொல்லில் நடந்தது இதேதான். இந்தியா என்ற கேள்வியிலிருந்து சிங்கப்பூர் என்ற பதில் என்னைத் தூக்கி எடுத்தது. எனக்கு அப்போது வந்தது கோபமில்லை, நிம்மதி. கோபம் அக்காவுக்காகப் பிறகு வந்தது. இரண்டு கையால் நீட்டிய பெயரட்டையை வாங்கியபோது எனக்கு நன்றாகவே இருந்தது. டி-ஸ்கோர், பாலி, அத்தை, எதுவும் அந்த மேசையில் இல்லை. யாரும் என்னை எடைபோடாத ஊருக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தானே போனேன்? போன இடத்தில் இல்லாத எடையைக் கூட்டிப் போட்டார்கள், அதற்கு நான் ஒன்றும் செய்திருக்கவில்லை. சிங்கப்பூரில் கூட்டத்தில் என்னைத் தாண்டி வேறொருவரிடம் கேள்வி போகும்போதெல்லாம், அந்த வேறொருவருக்கு எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். அவருக்கும் நன்றாகவே இருக்கும். பெரும்பாலும் கவனித்திருக்கவே மாட்டார். இதைத் தெரிந்துகொண்டதுதான் அந்தப் பயிற்சியில் எனக்குக் கிடைத்தது. தன்னம்பிக்கை என்று இதை எப்படி எழுதுவது?

ஊர் திரும்பியதும் நான் மாறிவிட்டேன் என்றெல்லாம் இல்லை. டாக்சியில் கேட்டால் இன்றும் இங்கே பிறந்தவள் என்றுதான் சொல்கிறேன், உண்மை அதுதானே. குரல் மட்டும் முன்பு மாதிரி வருவதில்லை. மாமா மகனை அலுவலக நண்பர்களோடு சாப்பிடக் கூட்டிப்போனபோது, அவன் பேசுகிற ஆங்கிலத்தை நான் இடையில் புகுந்து விளக்கிக்கொண்டிருப்பதைக் கவனித்து வாயை மூடிக்கொண்டேன். அவர்களுக்குப் புரிந்துகொண்டுதான் இருந்தது.

எனக்கு இன்னும் தீராத விஷயம் வேறு. சில மாதங்களுக்கு முன் ஒரு புதிய வாடிக்கையாளர் கூட்டம். விலைப்பட்டியல் முழுவதும் நான் போட்டது. அந்த மனிதர் கேள்வியெல்லாம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீன இளைஞரிடமே கேட்டார். அவர் வேலையில் சேர்ந்தே ஆறு மாதம் ஆகவில்லை, பாவம், என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இரண்டாம் கூட்டத்துக்கு முன் நான் எல்லா எண்களையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்து, நீங்களே பேசுங்கள் என்றேன். அழகாகப் பேசினார். ஒப்பந்தம் கைக்கு வந்தது. எனக்கு வேண்டியதும் அதுதான். சைகோன் அக்கா கேட்டிருந்தால் சிரித்திருப்பார் என்று அன்றைக்கு முழுவதும் சந்தோஷமாக இருந்தேன்.

வீட்டில் தம்பியிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவன் தேசிய சேவை முடித்துவிட்டுச் சட்டம் படிக்கிறான். எதையும் சும்மா விட மாட்டான்.

"இதுல பெருமைப்பட என்ன இருக்கு? அந்த ஆளுக்கு நீ சொன்னது, இப்படியே இருங்க, எங்களுக்குப் பரவாயில்லைன்னு."

கையெழுத்து வேண்டுமா, மரியாதை வேண்டுமா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் என்ன செய்வது என்றேன். அக்காவின் கதையைச் சொன்னேன், மீன், முள், எல்லாம். அவர் தோற்றவர் மாதிரி அன்றைக்கு எனக்குத் தெரியவே இல்லை என்றேன். அவன் கோப்பியைக் கலக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, "இப்போ அவங்க என்ன பண்றாங்க?" என்றான். சொந்தமாக ஒரு சுங்க முகவர் நிறுவனம் நடத்துகிறார், பத்துப் பேர் வேலை செய்கிறார்கள், பெயர்ப்பலகையில் அவர் பெயர் என்றேன்.

"அதான். அவங்க அந்த வேலையை வெளியே வர்றதுக்காகப் பண்ணாங்க. நீ எதுக்குப் பண்றே?"

பதில் சொல்ல வரவில்லை. அவன் சொல்வது பாதி சரி. பாதி அவனுக்கு இன்னும் சம்பளம் வாங்கிப் பழக்கமில்லாததால் வருகிற தைரியம். அந்த வாடிக்கையாளரோடு அடுத்த கூட்டம் வரும் செவ்வாய்க்கிழமை. இந்த முறை நானே பேசுகிறேன் என்று மேலாளரிடம் சொல்லியிருக்கிறேன். ஒப்பந்தம் போனால் போகட்டும் என்று சொல்லும் அளவுக்குத் துணிச்சல் வரவில்லை. அதனால் அந்த இளைஞரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறேன், எண்கள் எதையும் அவருக்குக் கொடுக்கவில்லை. கேள்வி அவரிடம் போனால், என்னைக் கை காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு.